கிராம்ப்ஸின் கடைசி ஆல்பத்தைக் கேட்க வேண்டுமா?

"'வெனஸ்டே' தொடரின் நடனக் காட்சியில் ஒலித்த பாட்டின் வழியாகத்தான் தி கிராம்ப்ஸ் என்ற இசைக்குழுவைத் தெரிந்துகொண்டேன். முதல் இரண்டு ஆல்பங்களும் மிகவும் பிடித்துவிட்டன. ஆனால் 2003இல் வந்த அவர்களுடைய கடைசி ஸ்டுடியோ ஆல்பமான 'ஃபீண்ட்ஸ் ஆஃப் டோப் ஐலண்ட்' பற்றி விசாரித்தால், அதே பழைய சங்கதிதான், நேரத்தை வீணாக்காதே என்கிறார்கள். உண்மையா? அது விடைபெறுவதற்காகச் செய்த ஆல்பமா? இவர்களைச் சிலர் சைக்கோபில்லி என்கிறார்கள், சிலர் கராஜ் பங்க் என்கிறார்கள். எது சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் கேளுங்கள். கிராம்ப்ஸின் மிகச் சிறந்த ஆல்பம் அதுவென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் யார், எதற்காக முப்பது ஆண்டுகள் இதைச் செய்தார்கள் என்பதை இந்த அளவுக்குத் தெளிவாகக் காட்டும் ஆல்பம் வேறில்லை. 'அதே பழைய சங்கதி' என்று குறை சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். கிராம்ப்ஸ் முதல் நாளிலிருந்தே பழைய சங்கதியைத்தான் கையில் எடுத்தார்கள். அதுதான் அவர்களுடைய கொள்கை.

அந்த நடனக் காட்சியில் நீங்கள் கேட்ட 'கூ கூ மக்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1981இல் வெளிவந்த 'சைக்கெடெலிக் ஜங்கிள்' ஆல்பத்தில் அது இருக்கிறது. ஆனால் அது கிராம்ப்ஸ் எழுதியதல்ல. ரானி குக் அண்ட் தி கேலாட்ஸ் என்ற குழு 1962இல் பதிவுசெய்து, யாரும் கண்டுகொள்ளாமல் போன பாட்டு. பழைய இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்த கிராம்ப்ஸ் அதைக் குப்பையிலிருந்து மீட்டார்கள். அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பரில், ஒரு தொலைக்காட்சித் தொடர் அதை உலகம் முழுவதும் கொண்டுபோனது. இந்தக் குழுவின் வரலாறு முழுவதும் இப்படிப்பட்ட மீட்பு வேலைதான்.

குழுவின் உயிர் இரண்டு பேர். ஒருவர் பாடகர் லக்ஸ் இன்டீரியர். இயற்பெயர் எரிக் பர்க்கைசர், 1946இல் பிறந்தவர், ஓஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரப் பக்கத்துக்காரர். இன்னொருவர் கிட்டார் கலைஞர் பாய்சன் ஐவி. இயற்பெயர் கிறிஸ்டி வாலஸ், 1953இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். 1972இல் சாக்ரமென்டோவில் சாலையோரம் லிஃப்ட் கேட்டு நின்ற ஐவியை லக்ஸ் தன் காரில் ஏற்றிக்கொண்டார். அன்று தொடங்கிய உறவு லக்ஸ் இறக்கும்வரை நீடித்தது. கொஞ்ச காலம் ஏக்ரனில் இருந்துவிட்டு 1975இல் நியூயார்க் போனார்கள். 1976இல் பிரையன் கிரெகரி என்ற இரண்டாவது கிட்டார் கலைஞருடன் குழு உருவானது. டிரம்ஸில் சில மாற்றங்களுக்குப் பிறகு நிக் நாக்ஸ் வந்து சேர்ந்தார். ராமோன்ஸ், டெலிவிஷன் என்ற பங்க் குழுக்கள் வாசித்த அதே சிபிஜிபி அரங்கில் இவர்களும் வாசித்தார்கள்.

ஓஹையோவை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1963 முதல் 1966 வரை கிளீவ்லண்ட் தொலைக்காட்சியில் கூலார்டி என்ற வேடத்தில் எர்னி ஆண்டர்சன் மூன்றாந்தரப் பேய்ப் படங்களைத் தொகுத்து வழங்கினார். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் புகுந்து கலாட்டா செய்வார், பின்னணியில் முரட்டுத்தனமான ராக் இசைத்தட்டுகளைப் போடுவார். அந்தப் பகுதியில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கே அவர்தான் ஆசான். கிராம்ப்ஸ் 1990இல் வெளியிட்ட 'ஸ்டே சிக்!' ஆல்பத்தின் தலைப்பு கூலார்டி வழக்கமாகச் சொல்லும் வாசகம். மலிவான பேய்ப் படமும் யாரும் வாங்காத ராக் தட்டும் ஒரே உலகத்தைச் சேர்ந்தவை என்ற பார்வை லக்ஸுக்கு அங்கிருந்து வந்தது.

இசை வகையைப் பற்றிய உங்கள் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜானி கேஷ் 1976இல் பாடிய 'ஒன் பீஸ் அட் எ டைம்' பாட்டில் ஒரு காரைக் குறிக்க வந்த சொல் சைக்கோபில்லி. அதை எடுத்துத் தங்கள் நிகழ்ச்சிச் சுவரொட்டிகளில் போட்டார்கள் கிராம்ப்ஸ். கூட்டத்தை இழுக்கத்தான் அப்படி எழுதினோம், ஓர் இசை வகைக்குப் பெயர் வைக்கவில்லை என்று பின்னாளில் அவர்களே சொன்னார்கள். லண்டனில் 1980இல் தோன்றிய தி மீட்டியோர்ஸ் குழுவும், ஹேமர்ஸ்மித்தில் கிளப் ஃபுட் அரங்கில் கூடிய இளைஞர்களும்தான் சைக்கோபில்லியை ஒரு தனி வகையாக வளர்த்தார்கள். நிற்க வைத்து வாசிக்கும் பெரிய டபுள் பேஸை அறைந்து அறைந்து வாசிப்பதுதான் அந்த வகையின் அடையாளம். கிராம்ப்ஸிடமோ தொடக்க ஆண்டுகளில் பேஸ் கிட்டாரே கிடையாது! இரண்டு கிட்டார், டிரம்ஸ், குரல், அவ்வளவுதான். ஆகவே அவர்களைச் சைக்கோபில்லியின் முன்னோர்கள் என்று சொல்லலாம். 1950களின் ராக்கபில்லியையும் (நாட்டுப்புறப் பாட்டும் ராக் அண்ட் ரோலும் கலந்த இசை), 1960களில் அமெரிக்கச் சிறுநகரப் பையன்கள் வீட்டுக் கார் கொட்டகையில் வாசித்த கராஜ் ராக்கையும், 1970களின் பங்க் வேகத்தையும் ஒன்றாக்கியவர்கள் அவர்கள். கராஜ் பங்க் என்ற பெயர் எனக்கு இன்னும் பொருத்தமாகத் தோன்றுகிறது. அதற்கான காரணம் கடைசி ஆல்பத்திலேயே இருக்கிறது.

அந்த ஆல்பத்துக்கு வருவதற்கு முன்னால் பணமும் உரிமையும் பற்றிய கதையைச் சொல்லியாக வேண்டும். 1978இல் கிராம்ப்ஸ் தங்கள் முதல் இரண்டு சிங்கிள்களை (ஓரிரு பாட்டுகள் மட்டும் கொண்ட தட்டுகளை) வெளியிட்டது வெஞ்சன்ஸ் என்ற சொந்த இசை நிறுவனத்தில். மெம்ஃபிஸ் நகரில் அலெக்ஸ் சில்டன் தயாரித்த பதிவுகள் அவை. பிறகு மைல்ஸ் கோப்லண்டின் ஐ.ஆர்.எஸ். நிறுவனத்தில் சேர்ந்தார்கள். 1980இல் வந்த முதல் முழு ஆல்பமான 'சாங்ஸ் தி லார்ட் டாட் அஸ்' அங்கிருந்துதான் வந்தது. அதையும் சில்டனே தயாரித்தார். பதிவு நடந்தது எல்விஸைக் கண்டெடுத்த சாம் ஃபிலிப்ஸின் ஸ்டுடியோவில். ஆனால் 1981க்குப் பிறகு உறவு முறிந்து வழக்கில் போய் நின்றது. புகழின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், 1983வரை அவர்களால் எதையும் வெளியிட முடியவில்லை. அந்த இடைவெளி அவர்களுக்குப் பெரிய இழப்பு. அதன் பிறகு எனிக்மா, கிரியேஷன், எபிடாஃப் என்று கிட்டத்தட்ட ஆல்பத்துக்கு ஒரு நிறுவனம் மாறினார்கள். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் வெஞ்சன்ஸை மீண்டும் உயிர்ப்பித்து, தங்கள் பழைய ஆல்பங்கள் பலவற்றைத் தாங்களே மறுவெளியீடு செய்தார்கள். அந்த வரிசையில் புதிய ஆல்பமாக வந்தது 'ஃபீண்ட்ஸ் ஆஃப் டோப் ஐலண்ட்'.

எட்டாவது ஸ்டுடியோ ஆல்பம், பதின்மூன்று பாட்டுகள். லக்ஸ், ஐவி இருவருடன் பேஸில் சாப்பர் ஃபிராங்க்ளின், டிரம்ஸில் ஹாரி டிரம்டினி. தலைப்பு ஒரு பழைய மலிவுப் படத்தின் பெயரிலிருந்து வந்தது. கரீபியத் தீவு ஒன்றில் கஞ்சா பயிரிடும் கொடுமைக்காரனைப் பற்றிய படம் அது. அந்தக் கொடுமைக்காரனாக நடித்தவர் புரூஸ் பென்னட். 1928 ஒலிம்பிக்கில் குண்டெறிதலில் வெள்ளி வாங்கி, 1935இல் ஹெர்மன் பிரிக்ஸ் என்ற சொந்தப் பெயரில் டார்சானாக நடித்தவர், இந்தப் படத்திலும் வந்து சேர்ந்திருக்கிறார். இப்படிப்பட்ட மனிதர்கள்மீதும் படங்கள்மீதும் லக்ஸுக்கும் ஐவிக்கும் இருந்தது கேலி அல்ல, உண்மையான அன்பு. இதைப் புரிந்துகொள்ளாமல் அவர்களுடைய எந்த ஆல்பத்தையும் கேட்க முடியாது.

முதல் பாட்டான 'பிக் பிளாக் விச்கிராஃப்ட் ராக்' தொடங்கியதுமே ஐவியின் கிட்டாரைக் கவனியுங்கள். குழுவைப் பற்றிப் பேசுகிறவர்கள் லக்ஸைத்தான் பேசுவார்கள். குதிகால் உயர்ந்த பெண்கள் செருப்பும் பளபளக்கும் கால்சட்டையுமாக மேடையில் தவழ்ந்து, மைக்கை வாய்க்குள் திணித்துக்கொண்டு ஊளையிடும் மனிதரைப் பேசாமல் எப்படி இருப்பது? ஆனால் குழுவின் முதுகெலும்பு ஐவி. பாட்டுகளை லக்ஸுடன் சேர்ந்து எழுதியவர், பிற்கால ஆல்பங்களின் தயாரிப்பைக் கையில் வைத்திருந்தவர், பேச்சுவார்த்தைகளையும் கணக்குகளையும் கவனித்துக்கொண்டவர். அவர் வாசித்தது 1958ஆம் ஆண்டின் கிரெட்ச் 6120 கிட்டார். 1950களின் கிட்டார் கலைஞர்களில் லிங்க் ரேயிடமிருந்து கனத்த கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களை) எடுத்துக்கொண்டார், டுவேன் எடியிடமிருந்து அடித் தந்திகளில் மெட்டு வாசிப்பதை எடுத்துக்கொண்டார். ஒரு ஸ்வரம்கூட வீணாக வாசிக்க மாட்டார். ராக் கிட்டாரின் பெருங்கலைஞர்கள் பட்டியல்களில் அவர் பெயர் அடிக்கடி விடுபட்டுப் போவது எனக்கு இன்றுவரை ஆற்றாமையாகவே இருக்கிறது. 2003 ஆல்பத்தில் அவருடைய கிட்டார் முந்தைய எந்த ஆல்பத்தையும்விடத் தடிமனாகவும் முன்னால் நின்றும் ஒலிக்கிறது. 1980இல் சில்டன் தந்த அந்தக் கலங்கிய, நெரிசலான ஒலி இங்கே இல்லை. சிலருக்கு அது குறையாகப் படலாம். எனக்கோ ஐவியின் விரல்களைத் துல்லியமாகக் கேட்கக் கிடைத்த வாய்ப்பு.

அடுத்த இரண்டு பாட்டுகளைச் சேர்த்துக் கேளுங்கள். இரண்டாவது, 'பாப்பா சேட்டன் சேங் லூயி'. லூயி என்றால் ரிச்சர்ட் பெர்ரி 1957இல் வெளியிட்ட 'லூயி லூயி'. கராஜ் ராக்கின் தாய்ப்பாட்டு அது. கிங்ஸ்மென் குழு 1963இல் பாடிய வடிவத்தின் சொற்கள் யாருக்கும் விளங்காததால், ஆபாசம் ஒளிந்திருக்கிறதா என்று எஃப்.பி.ஐ. விசாரித்து, கடைசியில் ஒன்றும் புரியவில்லை என்று கோப்பை மூடியது. சாத்தானே பாடிய பாட்டு என்று லக்ஸ் கொண்டாடுவது இந்த வரலாற்றைத்தான். மூன்றாவது பாட்டு 'ஹேங் அப்', தி வெய்லர்ஸ் குழுவுடையது. பாப் மார்லியின் குழு அல்ல, வாஷிங்டன் மாநிலத்தின் டக்கோமா நகரத்துக் குழு. கிங்ஸ்மெனுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1961இல், பாடகர் ராக்கின் ராபின் ராபர்ட்ஸுடன் 'லூயி லூயி'யைப் பதிவுசெய்து அந்தப் பகுதிக் குழுக்களுக்கெல்லாம் வழிகாட்டியவர்கள் இவர்கள்தான். அதை வெளியிடுவதற்காக எட்டிக்கெட் என்ற நிறுவனத்தைத் தாங்களே தொடங்கினார்கள். அதே எட்டிக்கெட்தான் பிறகு தி சோனிக்ஸ் என்ற இன்னொரு டக்கோமா குழுவின் இசையையும் வெளியிட்டது. சோனிக்ஸின் 'ஸ்ட்ரிக்னைன்' பாட்டை கிராம்ப்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தில் பாடியிருக்கிறார்கள். உங்களுக்குப் பிடித்த ஆல்பம்தானே, மறுபடி கேட்டுப் பாருங்கள். ஆக, 1980இல் சோனிக்ஸ், 2003இல் வெய்லர்ஸ். முதல் ஆல்பமும் கடைசி ஆல்பமும் அதே டக்கோமா நகரத்தின் அதே சிறு நிறுவனத்துக்கு நன்றி சொல்கின்றன. இசைக்கலைஞர்கள் தாங்களே நடத்திய நிறுவனத்துப் பாட்டைத் தாங்களே நடத்தும் வெஞ்சன்ஸில் வெளியிடுகிறார்கள். கராஜ் பங்க் என்ற பெயரே பொருந்தும் என்று நான் சொன்னது இதனால்தான்.

நான்காவது பாட்டு 'ஃபிஷர் ஆஃப் ரோலாண்டோ'. மூளையில் உடலசைவுக்கான பகுதியையும் தொடுவுணர்வுக்கான பகுதியையும் பிரிக்கும் பள்ளம் ஒன்று உண்டு. இத்தாலிய உடற்கூற்றியல் அறிஞர் லூயிஜி ரோலாண்டோவின் பெயரால் அது வழங்கப்படுகிறது. ஆட்டமும் உணர்ச்சியும் சந்திக்கும் இடத்தைப் பற்றி ஒரு ராக் பாட்டு! இப்படி ஒரு பொருளில் பாட்டெழுத கிராம்ப்ஸைத் தவிர வேறு யாருக்குத் தோன்றும்?

அடுத்து நான் நிறுத்திக் கேட்கச் சொல்வது ஏழாவது பாட்டான 'டபூ'வை. கியூப நாட்டு இசையமைப்பாளர் மார்கரீட்டா லெக்குவோனாவின் மெட்டு அது. 1950களில் எக்ஸாட்டிகா என்று அழைக்கப்பட்ட, ஹவாய்த் தீவுகளையும் கற்பனைக் காடுகளையும் வரவேற்பறைக்குக் கொண்டுவந்த இசையில் இது மிகப் பிரபலம். ஆர்தர் லைமன் வாசித்த வடிவம் நினைவுக்கு வரலாம். தீவின் பெயர் தாங்கிய ஆல்பத்தின் நட்டநடுவில் இந்த மெட்டை வைத்தது நல்ல முடிவு. ஐவி வேகத்தை விட்டுவிட்டு இழைகிறார். லக்ஸ் ஊளையிடுபவர் மட்டுமல்ல, நயமாகப் பாடத் தெரிந்தவர் என்பதும் இங்கே விளங்கும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சில பாட்டுகளின் தலைப்புகளை இங்கே எழுத முடியாது. அவற்றின் ஆபாசம் 1986இல் 'எ டேட் வித் எல்விஸ்' ஆல்பத்தில் குதூகலமாக இருந்த அளவுக்கு இங்கே இல்லை. அதிர்ச்சி தர வேண்டும் என்று எழுதியது போலப் படுகிறது. ஒன்பதாவது பாட்டுக்குப் பிறகு தொய்வு இருக்கிறது. பத்துப் பாட்டுகளோடு நிறுத்தியிருந்தால் கூர்மையாக வந்திருக்கும். எனக்குத் தோன்றும் பெரிய குறை நிக் நாக்ஸ் இல்லாதது. 1977 முதல் 1991 வரை கறுப்புக் கண்ணாடியுடன் முகத்தில் சலனமே இல்லாமல், எளிய தாளத்தை மாறாமல் அடித்த அந்த மனிதர் கொடுத்த அச்சமூட்டும் நிதானத்தைப் பிறகு வந்த யாராலும் கொடுக்க முடியவில்லை. டிரம்டினி நல்ல வாசிப்பாளர். ஆனால் இந்தப் பாட்டுகள் கேட்பது நல்ல வாசிப்பை அல்ல, நாக்ஸை.

'மாறவே இல்லை' என்ற குற்றச்சாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே ராகத்தை நாற்பது ஆண்டுகள் பாடும் வித்வானிடம் ஏன் ராகத்தை மாற்றவில்லை என்று யாரும் கேட்பதில்லை. இந்த முறை எவ்வளவு ஆழம் போனார் என்றுதான் பார்க்கிறோம். லக்ஸும் ஐவியும் ராக் அண்ட் ரோலை அப்படித்தான் அணுகினார்கள். அவர்களுடைய காலத்தில் பங்க் வந்து போனது, நியூ வேவ் வந்து போனது, கிரஞ்ச் வந்து போனது. 2003இலோ ஒயிட் ஸ்ட்ரைப்ஸ், ஹைவ்ஸ் என்ற இளம் குழுக்கள் கராஜ் ராக்கை உலகச் சந்தைக்கே கொண்டுபோயிருந்தார்கள். பேஸ் இல்லாமல் கிட்டாரும் டிரம்ஸுமாக ஒலித்த ஒயிட் ஸ்ட்ரைப்ஸைப் பலர் புதுமை என்று வியந்த அந்த நேரத்தில், பேஸ் இல்லாமலேயே 1977இல் பதிவுசெய்தவர்கள் அமைதியாகத் தங்கள் எட்டாவது ஆல்பத்தை வெளியிட்டார்கள். அலை தங்கள் பக்கம் வீசுகிறதே என்று அதில் ஏறிக்கொள்ளவும் முயலவில்லை. லக்ஸுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. குரலில் அந்த வயது தெரியவில்லை.

விடைபெறும் ஆல்பமா என்று கேட்டீர்கள். இல்லை. அப்படி நினைத்துக் கேட்டால் ஏமாந்துபோவீர்கள். அதில் பிரியாவிடையும் இல்லை, மரணத்தின் நிழலும் இல்லை. அவர்கள் அதற்குப் பிறகும் ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள். 2006 கோடையில் ஐரோப்பாவில் வாசித்தார்கள், அந்த ஆண்டு நவம்பரில் அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில் வாசித்ததே கடைசி நிகழ்ச்சியானது. 2009 பிப்ரவரி 4ஆம் தேதி, கலிபோர்னியாவின் கிளென்டேலில் லக்ஸ் இறந்தார். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் சுவர் கிழிந்தது காரணம். அறுபத்திரண்டு வயது. குழு அத்துடன் முடிந்தது. வேறொரு பாடகரை வைத்துக்கொண்டு ஐவி அந்தப் பெயரில் தொடரவில்லை. முப்பத்தேழு ஆண்டுகள் வாழ்வையும் இசையையும் பகிர்ந்துகொண்டவருக்கு மாற்று ஆள் தேடாத அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேட்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு ஆல்பங்களும் உங்களிடம் இருப்பதால், அடுத்து 1979இன் 'கிரேவஸ்ட் ஹிட்ஸ்' ஈ.பி.யை (சில பாட்டுகளே கொண்ட சிறு ஆல்பத்தை) கேளுங்கள். அந்த முதல் சிங்கிள்கள் அதில்தான் தொகுக்கப்பட்டிருக்கின்றன. 'ஹியூமன் ஃபிளை' கேட்காமல் கிராம்ப்ஸ் கேட்டதாகச் சொல்லக் கூடாது. 1978 ஜூன் 13 அன்று கலிபோர்னியாவின் நாப்பா அரசு மனநல மருத்துவமனையில் நோயாளிகளுக்காக அவர்கள் வாசித்ததன் கறுப்பு வெள்ளைப் பதிவையும் பாருங்கள். மேடைக்கும் கூட்டத்துக்கும் இடையில் கோடே இல்லாமல், நோயாளிகள் மைக்கைப் பிடித்துக் கத்துகிறார்கள், ஆடுகிறார்கள். லக்ஸ் அவர்களை வேடிக்கைப் பொருளாக்காமல் சமமாக நடத்துகிறார். பிறகு 'எ டேட் வித் எல்விஸ்', அடுத்து 'ஸ்டே சிக்!'. 1991, 1994, 1997 ஆல்பங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நேராக 'ஃபீண்ட்ஸ் ஆஃப் டோப் ஐலண்ட்'டுக்குத் தாவிவிடுங்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 2004இல், வெஞ்சன்ஸிலேயே 'ஹவ் டு மேக் எ மான்ஸ்டர்' என்ற இரட்டைத் தொகுப்பு வந்தது. ஒத்திகைப் பதிவுகளும் ஆரம்பகால நிகழ்ச்சிப் பதிவுகளும் அடங்கியது. புதிய ஸ்டுடியோ ஆல்பம் அல்ல என்பதால் உங்கள் கணக்கில் வராது. ஆனால் 1976இல் வாசிக்கவே சரியாகத் தெரியாத நான்கு பேர் எப்படி ஒரு குழுவானார்கள் என்பதை அதில் கேட்கலாம்.